பெரிய கலைச் சந்தையில் படைப்பு இடம்பெற்றால் ஓவியரின் நிலை மாறுமா?

கேள்வியைப் பொதுவாகத்தான் கேட்டிருக்கிறீர்கள்: ஆர்ட் பாசல் போன்ற பெரிய சமகாலக் கலைச் சந்தையில் படைப்பு இடம்பெற்றால் ஓவியரின் நிலை மாறுமா, அத்தகைய சந்தைகள் கலை வணிகத்தை என்ன செய்கின்றன என்று. ஆனாலும் ஏதோ ஒரு கேலரி உங்களை அணுகியிருக்கிறது, ஒப்புக்கொள்வதற்கு முன் நாலு பேரிடம் கேட்டுப் பார்க்கலாம் என்று நினைத்திருக்கிறீர்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. அந்த அனுமானத்தில்தான் இதை எழுதுகிறேன். நிலை மாறும். ஆனால் முதலில் மாறுவது உங்கள் படைப்பின் விலை; அந்த விலைக்கு ஏற்றபடி உங்கள் வேலையையும் மாற்றிக்கொள்ள வேண்டிய கட்டாயம் அதன் பின்னாலேயே வரும். இந்த இரண்டாவது பகுதியை எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

இந்தச் சந்தைகளை உருவாக்கியவர்கள் ஓவியர்கள் அல்லர். 1967-இல் கொலோன் நகரில் ஜெர்மன் கேலரிக்காரர்கள் கூடி நடத்திய சந்தையும், 1970-இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் எர்ன்ஸ்ட் பேயலர், ட்ரூடல் ப்ருக்னர், பால்ட்ஸ் ஹில்ட் ஆகிய மூன்று கேலரி உரிமையாளர்கள் தொடங்கிய ஆர்ட் பாசல் சந்தையும், கேலரிகள் தங்கள் விற்பனைக்காகத் தாங்களே அமைத்துக்கொண்டவை. இன்றும் பாசல், மயாமி பீச், ஹாங்காங் என எங்கு நடந்தாலும் அரங்குக்கு விண்ணப்பிப்பது கேலரி. விண்ணப்பங்களைப் பரிசீலித்துத் தேர்ந்தெடுக்கும் குழுவில் இருப்பவர்களும் பெரும்பாலும் கேலரிக்காரர்கள். வாடகை கட்டுவதும் கேலரிதான். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. அந்தக் கூடத்தில் ஓவியருக்கென்று ஒதுக்கப்பட்ட வேலை எதுவும் இல்லை என்பதைத் தெரிந்துகொண்டு போனால் மனம் புண்படாது என்பதற்காகச் சொல்கிறேன். அது தெரியாமல் போனதால் எனக்குப் புண்பட்டது.

நான் கரிக்கோலால் பெரிய தாள்களில் வரைகிறேன். அந்த நாட்களில் வரைந்தவை அனைத்தும் படிக்கட்டுகள். ஆள் நடமாட்டமற்ற பழைய கட்டடங்களின் உட்புறப் படிக்கட்டுகள். ஒவ்வொன்றும் என் உயரத்தைவிடப் பெரியது, ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய இரண்டு மாதங்கள் பிடித்தன. என் படைப்புகளை விற்றுவந்த கேலரி அவற்றில் நான்கைத் தேர்ந்தெடுத்து ஒரு பெரிய சந்தைக்குக் கொண்டுபோனது. கேலரியின் பெயரையும் சந்தையின் பெயரையும் சொல்லப்போவதில்லை. எனக்கு நடந்தது அவர்கள் மட்டுமே செய்யும் காரியம் அல்ல என்பதால், பெயரைச் சொல்வதால் உங்களுக்குப் பயன் இல்லை.

அழைப்பாளர்களுக்கு மட்டுமான முதல் நாளில் நான் அரங்கில் இருந்தேன். கதவு திறந்த ஒரு மணி நேரத்துக்குள் இரண்டு ஓவியங்கள் விற்றுவிட்டதாகச் சொன்னார்கள். எனக்கு வியப்பு தாங்கவில்லை. அந்த ஒரு மணி நேரத்தில் என் ஓவியங்களின் முன்னால் எவரும் நின்று பார்த்ததாக எனக்கு நினைவில்லை. சந்தை தொடங்குவதற்கு இரண்டு வாரங்களுக்கு முன்பே படங்களும் விலையும் அடங்கிய கோப்பு வாடிக்கையாளர்களுக்கு அனுப்பப்பட்டிருந்ததும், அந்த இரண்டையும் பற்றிப் பேச்சு அப்போதே முடிந்திருந்ததும் பின்னர்தான் தெரிந்தது. விலை பேசும்போது ஓவியர் பக்கத்தில் நிற்க வேண்டாம் என்று கேலரி உரிமையாளர் பணிவாகவே கேட்டுக்கொண்டார். நான் வெளியே போய் நின்றேன். மாலைக்குள் நான்கு ஓவியங்களுக்கும் பக்கத்தில், விற்றதற்கு அடையாளமான சிவப்புப் புள்ளி ஒட்டப்பட்டது. அன்றிரவு நான் மகிழ்ச்சியில் தூங்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். பதினாறு ஆண்டுகளாக வரைந்துகொண்டிருந்த ஒருவருக்கு அந்த நான்கு புள்ளிகள் என்ன பொருள் தரும் என்பதை நீங்கள் ஓவியர் என்றால் உணர்வீர்கள்.

பிறகு கணக்கு வந்தது. நான்கில் ஒன்று உண்மையில் விற்கப்படவில்லை. ஒருவர் தமக்காக எடுத்து வைக்கச் சொல்லியிருந்தார், அவர் பணம் கட்டவே இல்லை. இன்னொன்றை வாங்கியவருக்குக் கொடுத்த தள்ளுபடியில் பாதி என் பங்கிலிருந்து கழிக்கப்பட்டது. கேலரிக்குப் பாதி, ஓவியருக்குப் பாதி என்பது பெரும்பாலான இடங்களில் உள்ள வழக்கம், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ஓவியங்களுக்குச் சட்டகம் போடும் செலவு, மரப்பெட்டி, விமானச் சரக்குக் கட்டணம், காப்பீடு ஆகியவற்றிலும் பாதி என் தலையில் விழும் என்று யாரும் சொல்லியிருக்கவில்லை. எழுத்தில் எதுவும் இல்லாததால் மறுத்துப் பேசவும் வழியில்லை. எட்டு மாதங்கள் கழித்து என் கைக்கு வந்தது, விற்ற மூன்றின் அறிவிக்கப்பட்ட விலையில் கால் பங்குக்கும் குறைவு. எழுதி வாங்காதது உன் தவறுதானே என்று சிலர் கேட்பார்கள். ஆம், என் தவறுதான். ஆனால் முதல் வாய்ப்பு கிடைக்கும்போது ஒப்பந்தத்தைக் கேட்டால் வாய்ப்பே போய்விடுமோ என்று அஞ்சும் நிலையில் இருப்பவரிடம், முழுத் தவறும் உன்னுடையது என்று சொல்வது நியாயமாகாது.

பணத்தைவிட எனக்கு வலித்தது வேறு. அடுத்த சந்தைக்கு விலையைப் பாதியளவு உயர்த்தினார்கள். அதே அளவில், அதே கருமையில், அதே படிக்கட்டுகள் வேண்டும் என்றார்கள். நான் அப்போது சிறிய தாள்களில் நீர்வண்ணத்தில் ஜன்னல்களை வரையத் தொடங்கியிருந்தேன். அவற்றைக் காட்டியபோது, வாங்குபவர்கள் உங்களைப் படிக்கட்டுகளை வைத்துத்தான் அடையாளம் காண்கிறார்கள், இதை அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். அவர்கள் சொன்னது பொய் அல்ல. நூற்றுக்கணக்கான அரங்குகள் உள்ள கூடத்தில் நடந்து போகிறவர் ஒரு படைப்புக்குச் சில நொடிகள் மட்டுமே ஒதுக்க முடியும். தூரத்திலிருந்தே இன்னார் வரைந்தது என்று தெரிந்தால்தான் அவர் நிற்பார். அதனால் மாறாமல் இருக்கும் ஓவியருக்குச் சந்தையில் மதிப்பு கூடுகிறது. நான் மேலும் பதினொரு படிக்கட்டுகள் வரைந்தேன். கடைசி மூன்றை எந்தப் படிக்கட்டையும் பார்க்காமலேயே வரைந்தேன். பார்ப்பவருக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும்.

முதல் சந்தையில் விற்றவற்றில் ஒன்று இரண்டு ஆண்டுகள் முடியும் முன்பே ஏலத்துக்கு வந்தது. குறைந்தபட்ச விலையைக்கூட எட்டாமல் விற்காமல் திரும்பியது. ஏல முடிவுகள் இணையத்தில் எவரும் தேடிப் பார்க்கக்கூடியவை என்பதால், என் பெயரைத் தேடுகிற சேகரிப்பாளருக்கு முதலில் கிடைப்பது அந்தத் தகவல்தான். விலையைக் குறைத்தால் முன்பு வாங்கியவர்களுக்குத் துரோகமாகிவிடும் என்று கேலரி சொன்னது. குறைக்காத விலைக்கு வாங்க ஆள் இல்லை. சந்தையில் விலையை ஏற்றுவது எளிது, இறக்குவதற்கு முறையான வழியே கிடையாது என்பதை நான் அப்போதுதான் புரிந்துகொண்டேன். அதன் பிறகு என் கடிதங்களுக்குப் பதில் வருவது மெல்லக் குறைந்து நின்றுபோனது.

பொறாமையிலோ கசப்பிலோ எழுதுகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தச் சந்தை எனக்குக் கொடுத்தவற்றையும் மறைக்கக் கூடாது. பொதுமக்களுக்கான நாட்களில், அச்சுப் புத்தகங்களில் மட்டுமே பார்த்திருந்த ஓவியர்களின் தாள்களை ஒரு முழ தூரத்தில் நின்று பார்த்தேன். அழித்த கோடுகளின் தடம், தாளின் கிழிந்த ஓரம், பின்பக்கத்திலிருந்து ஊறி வந்த எண்ணெய்க் கறை, இவை எந்த அச்சிலும் வருவதில்லை. அருங்காட்சியகம் ஒன்றில் கண்காட்சிகளைத் திட்டமிடும் கியூரேட்டர் என் ஓவியங்களைக் குறித்து வைத்துக்கொண்டு போய், மூன்று ஆண்டுகள் கழித்து ஒரு குழுக் கண்காட்சிக்கு அழைத்தார். அதில் விற்பனை எதுவும் இல்லை, ஆனால் என் வேலையைப் பற்றி ஒருவர் நான்கு பக்கம் சிந்தித்து எழுதிய முதல் கட்டுரை அந்தக் கண்காட்சியின் நூலில்தான் வந்தது. சந்தைக்குப் போயிராவிட்டால் அவர் என்னைக் கண்டிருக்க மாட்டார்.

கலை வணிகத்துக்கு என்ன ஆகிறது என்ற உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். ஹாங்காங்கில் மார்ச், பாசலில் ஜூன், லண்டனிலும் பாரிஸிலும் அக்டோபர், மயாமி பீச்சில் டிசம்பர் என்று ஆண்டு முழுவதும் சந்தைகள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றுக்கும் வாடகை, சரக்குக் கட்டணம், ஊழியர் தங்கும் செலவு. நூறு ஓவியர்களைக் கையில் வைத்திருக்கும் பெரிய கேலரிக்கு இது ஒரு செலவு. ஐந்து ஓவியர்களை வைத்திருக்கும் சிறிய கேலரிக்கு ஒரு சந்தை சரியாகப் போகாவிட்டால் அந்த ஆண்டே போய்விடும். 2018-இல் டேவிட் ஸ்வர்னர் என்ற பெரிய கேலரி உரிமையாளரே, பெரிய கேலரிகள் கூடுதலாகக் கட்டிச் சிறியவற்றின் சுமையைக் குறைக்கலாம் என்று வெளிப்படையாகச் சொன்னார். அதே ஆண்டில் ஆர்ட் பாசலும் பெரிய அரங்குகளுக்குச் சதுர மீட்டருக்கு அதிகமாகவும் சிறியவற்றுக்குக் குறைவாகவும் வாடகை வாங்கும் முறையை அறிவித்தது. அது நல்ல மாற்றம்தான். ஆனாலும் சதுர மீட்டர் கணக்கில் வாடகை கட்டுகிறவர், விற்குமா என்று தெரியாத ஓவியத்தைச் சுவரில் மாட்டத் தயங்குவார். நான் என் கேலரிக்காரராக இருந்திருந்தால் நானும் ஜன்னல்களை விட்டுவிட்டுப் படிக்கட்டுகளைத்தான் கொண்டுபோயிருப்பேனோ என்று பலமுறை யோசித்திருக்கிறேன்.

வணிகம் சுருங்கும் ஆண்டுகளில் இந்தத் தயக்கம் இன்னும் கூடுகிறது. ஆர்ட் பாசலும் யுபிஎஸ் வங்கியும் வெளியிடும் ஆண்டறிக்கையின்படி, 2024-இல் உலகக் கலை விற்பனை முந்தைய ஆண்டைவிட 12 விழுக்காடு குறைந்து ஏறக்குறைய 5,750 கோடி டாலராக இருந்தது. இத்தகைய காலத்தில் கேலரியிலிருந்து முதலில் விடுபடும் பெயர்கள், ஏற்கெனவே புகழ்பெற்றவர்களுடையவையாக இருக்காது.

இந்தப் பேச்சை எடுத்தாலே எல்லோரும் அந்த வாழைப்பழத்தைப் பற்றித்தான் என்னிடம் கேட்கிறார்கள். 2019-இல் மயாமி பீச் சந்தையில் இத்தாலியக் கலைஞர் மவுரிசியோ கத்தெலான் சுவரில் நாடாவால் ஒட்டிய வாழைப்பழம் 1,20,000 டாலருக்கு விற்றது. 2024 நவம்பரில் சதபீஸ் ஏலத்தில் அதன் ஒரு பிரதி 62 லட்சம் டாலருக்குப் போனது. அது கலையா இல்லையா என்று மணிக்கணக்கில் வாதிடுகிறார்கள். நடுவில் உயர்ந்த அந்தத் தொகையில் படைத்தவருக்கு என்ன உரிமை என்று ஒருவரும் கேட்பதில்லை. என் வருத்தம் அதுதான். அமெரிக்காவில் மறுவிற்பனைப் பங்கை, அதாவது படைப்பு மீண்டும் விற்கப்படும்போது அந்த விலையில் ஒரு பங்கை, கலைஞருக்கு உறுதிசெய்யும் கூட்டரசுச் சட்டம் கிடையாது. பிரான்ஸ் 1920-லேயே அந்த உரிமையைச் சட்டமாக்கியது. ஐரோப்பிய ஒன்றியம் 2001-இல் எல்லா உறுப்பு நாடுகளுக்கும் பொதுவாக்கியது, ஆனால் ஒரு விற்பனைக்கு 12,500 யூரோ என்று உச்சவரம்பும் வைத்தது. கத்தெலானுக்கு இதனால் பெரிய இழப்பு இருக்காது. தொடக்கக் காலத்தில் வாடகைக்காக மலிவாக விற்றுவிட்ட ஓவியருக்கு அந்தப் பங்கு பெரிய தொகை.

ஆகவே போகாதீர்கள் என்று நான் சொல்லப்போவதில்லை, போங்கள். போவதற்கு முன், எந்தச் செலவில் உங்கள் பங்கு எவ்வளவு, தள்ளுபடியை யார் தாங்குவது, விற்ற எத்தனை நாட்களுக்குள் பணம் வர வேண்டும், விற்காதவை யார் செலவில் திரும்ப வேண்டும் என்பதை எழுதி வாங்குங்கள். வாங்குபவர் மூன்று ஆண்டுகளுக்குள் விற்க விரும்பினால் முதலில் கேலரியிடம் கேட்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பல கேலரிகள் விற்பனைச் சீட்டிலேயே சேர்க்கின்றன. நீதிமன்றத்தில் அது எவ்வளவு தூரம் நிற்கும் என்பது நாட்டுக்கு நாடு மாறினாலும், இருப்பது நல்லது. விலையை உயர்த்தும் முன் உங்கள் ஒப்புதல் வேண்டும் என்பதையும் விட்டுவிடாதீர்கள். இதையெல்லாம் கேட்டதற்காக ஒரு கேலரி விலகினால், அது எப்படியும் இரண்டு ஆண்டுகளில் விலகியிருக்கும் என்பது என் அனுபவம். மற்றவர்களுக்கு வேறு அனுபவம் இருக்கலாம்.

நான் இப்போது வேறொரு சிறிய கேலரியுடன் இருக்கிறேன். அவர்கள் ஆண்டுக்கு ஒரு சந்தைக்கு மட்டும் போகிறார்கள். எங்கள் ஒப்பந்தம் இரண்டு பக்கம். அதில் நானே கேட்டுச் சேர்த்த வரி ஒன்று உண்டு. சந்தைக்கு என்ன அனுப்புவது என்பதைக் கேலரி தேர்ந்தெடுக்கலாம், ஆனால் அந்த ஆண்டில் நான் வரைந்து முடித்தவற்றிலிருந்துதான் தேர்ந்தெடுக்க வேண்டும், சந்தைக்கென்று தனியாக வரையச் சொல்லக் கூடாது. சென்ற முறை அவர்கள் ஜன்னல்களை எடுத்துப் போனார்கள். ஆறில் ஒன்று விற்றது, பழைய விலையில் மூன்றில் ஒரு பங்குக்கு, பணம் முப்பது நாட்களில் வந்தது.