ஆர்னோவைப் பார்த்த ஜன்னல்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற மாதம் ஆங்கில எழுத்தாளர் ஈ.எம். ஃபார்ஸ்டரின் ‘எ ரூம் வித் எ வியூ’ (காட்சி தெரியும் அறை) நாவலைப் பற்றி இப்பகுதியில் நான்கு வரிகள் எழுதப்போக, அதையொட்டி வந்த கடிதங்களே இம்முறை பக்கம் முழுவதையும் பிடித்துக்கொண்டுவிட்டன. நாவலைப் படிக்காதவர்களுக்காகக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தின் சர்ரி பகுதியைச் சேர்ந்த லூசி ஹனிசர்ச் என்ற இளம்பெண், வயதில் மூத்த உறவுக்காரியான சார்லட் பார்ட்லெட்டின் துணையோடு இத்தாலியின் ஃப்ளாரன்ஸ் நகருக்கு வருகிறாள். அதே விடுதியில் தங்கியிருக்கும் எமர்சன் என்ற முதியவரின் மகன் ஜார்ஜ், ஒரு மலைச்சரிவில் அவளை முத்தமிட்டுவிடுகிறான். ஊர் திரும்பிய லூசிக்கு சிசில் வைஸ் என்ற பணக்கார இளைஞனுடன் திருமணம் நிச்சயமாகிறது. ஆனால் எமர்சன்கள் அவள் ஊருக்கே குடிவந்து சேருகிறார்கள். பிறகு நடப்பதை நீங்களே ஊகிக்கலாம்.

கேள்வி: லூசியை மாற்றியது இத்தாலிப் பயணம்தான் என்று விமர்சனங்களில் படித்தேன். அந்நிய மண்ணை மிதித்தால்தான் ஒருவர் தன்னை அறிய முடியுமா? (கல்லூரி ஆசிரியை, திருச்சி)

பதில்: இத்தாலி லூசியை மாற்றிவிட்டது என்பதை நான் ஏற்கவில்லை. முதல் அத்தியாயத்தையே பாருங்கள். அவர்கள் தங்கும் பெர்டோலினி விடுதியை நடத்தும் அம்மையார் லண்டன் தெருப் பேச்சில் பேசுகிறார். சாப்பாட்டு மேசையைச் சுற்றி இருப்பவர்கள் ஆங்கிலேயர்கள். சுவரில் தொங்குவது காலமான விக்டோரியா மகாராணியின் படம். இது லண்டனாகவே இருக்கலாமே என்று லூசியே அலுத்துக்கொள்கிறாள். ஃபார்ஸ்டர் தம் 22ஆம் வயதில், 1901இல், தாயாருடன் ஃப்ளாரன்ஸில் இப்படிப்பட்ட ஒரு விடுதியில் தங்கியிருந்தார். அப்போது மனத்தில் விழுந்த விதை, இடையில் வேறு இரண்டு நாவல்களை அவர் எழுதி வெளியிட்ட பிறகு, 1908இல்தான் நூலாயிற்று. கடல் கடந்து வந்த அந்த மனிதர்கள் தங்கள் வீட்டையும் கூடவே தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள் என்பதை அவர் கண்ணால் பார்த்து எழுதியிருக்கிறார்.

உண்மையில் நெருங்கிப் பார்க்க வேண்டியது சிக்னோரியா சதுக்கத்தில் நடக்கும் கொலையை. ஏழு லிரா அளவுக்குச் செலவழித்து, போத்திசெல்லியின் வீனஸ் உள்ளிட்ட ஓவியங்களின் புகைப்படங்களை வாங்கிக்கொண்டு லூசி தனியாக வருகிறாள். ஐந்து லிராக் கடனுக்காக இரண்டு இத்தாலியர்கள் சச்சரவிட்டுக்கொண்டிருக்கிறார்கள். மார்பில் குத்துப்பட்டவன், ஏதோ முக்கியமான செய்தி சொல்ல வருபவனைப் போல அவள் பக்கம் குனிந்து வாயைத் திறக்கிறான். வருவது சொல் அல்ல, இரத்தம். மயங்கி விழுபவளைத் தாங்கிக்கொள்ளும் ஜார்ஜ், இரத்தம் தோய்ந்துவிட்ட அந்தப் புகைப்படங்களை ஆர்னோ நதியில் எறிந்துவிடுகிறான். கலையை ரசிக்க வந்தவளின் கையிலிருந்த கலை ஆற்றோடு போய்விட, வாழ்க்கை பக்கத்தில் வந்து நிற்கிறது. சரி, இதற்குப் பிறகு லூசி என்ன செய்கிறாள்? நடந்ததை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று ஜார்ஜிடம் கேட்டுக்கொள்கிறாள். மலைச்சரிவு முத்தத்துக்குப் பிறகோ, மறுநாள் காலை ரயிலிலேயே ரோமுக்குப் போய்விடுகிறாள்.

நாவலின் பெரும்பகுதி நடப்பது சர்ரியில் என்பதை நாம் வசதியாக மறந்துவிடுகிறோம். பிற்பகுதியில் அடுத்தடுத்து வரும் அத்தியாயங்களுக்கு ஜார்ஜிடம் பொய், சிசிலிடம் பொய், பாதிரியார் பீபியிடமும் அம்மாவிடமும் தம்பியிடமும் வேலைக்காரர்களிடமும் பொய் என்ற பொருளில்தான் ஃபார்ஸ்டர் தலைப்புகள் தந்திருக்கிறார். ஒவ்வொரு பொய்யையும் அவள் நல்லெண்ணத்தோடு, ஏறக்குறைய உண்மை என்று நம்பியே சொல்கிறாள். அவள் தன்னை அறிவது பொய் சொல்ல ஆள் தீர்ந்துபோன இடத்தில், ஒரு கிராமத்துப் பாதிரியார் வீட்டு அறையில், முதியவர் எமர்சனின் முன்னால். அதற்குப் பயணச்சீட்டு தேவைப்படவில்லை.

கேள்வி: சார்லட் பார்ட்லெட்டைப் படிக்கப் படிக்க எரிச்சல்தான் வருகிறது. இப்படி ஒரு பாத்திரம் எதற்கு? (வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: எனக்கும் முதல் வாசிப்பில் அப்படித்தான் இருந்தது. “எனக்கு ஒன்றும் வேண்டாம், நீ சந்தோஷமாக இருந்தால் போதும்” என்று சொல்லிச் சொல்லியே எதிரில் இருப்பவரைக் குற்றவாளியாக்கும் உறவினர் ஒருவராவது இல்லாத குடும்பம் உண்டா? ஃபியசோலே மலைக்குப் போன இடத்தில், ஈரப் புல்லில் உட்கார நீர் புகாத விரிப்புகள் இரண்டுதான் இருக்கின்றன; பெண்கள் மூன்று பேர். நாவலாசிரியை மிஸ் லாவிஷோடு தனியாக வம்பு பேச விரும்பும் சார்லட், நீ விரிப்பில் உட்கார், நான் தரையிலேயே உட்கார்ந்துகொள்கிறேன் என்று தியாகம் செய்து, கொஞ்சம் இருமியும் காட்டி, அது ஜலதோஷம் இல்லவே இல்லை என்றும் சொல்லி, லூசியை அங்கிருந்து கிளப்பிவிடுகிறாள். லூசி அப்படிக் கிளம்பிப் போன இடத்தில்தான் அந்த முத்தம் நிகழ்கிறது. யாரிடமும் சொல்லக்கூடாது என்று இருவரும் பேசிக்கொண்ட அந்த விஷயத்தைப் பிறகு மிஸ் லாவிஷிடம் சொன்னவளும் சார்லட்தான். அது ஒரு மலிவான நாவலில் அச்சேறி, சிசிலின் வாயாலேயே லூசியின் தோட்டத்தில் உரக்கப் படிக்கப்படுகிறது.

ஆனால் ஒரு சிறு காட்சியை நீங்கள் திரும்பப் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். எமர்சன்கள் நதி தெரியும் தங்கள் அறைகளை இவர்களுக்கு விட்டுக்கொடுத்த அன்று இரவு, ஜார்ஜ் தங்கியிருந்த அறையைச் சார்லட் எடுத்துக்கொள்கிறாள். முகம் கழுவும் மேசைக்கு மேலே ஒரு தாள் குத்தப்பட்டிருக்கிறது; அதில் பெரிய கேள்விக்குறி ஒன்றைத் தவிர வேறொன்றும் இல்லை. அது அவளுக்கு மிரட்டலாகவும் அசிங்கமாகவும் தெரிகிறது. கிழித்தெறிய நினைத்தவள், அது பிறர் பொருள் என்பது நினைவுக்கு வரவே, கவனமாக ஊசியை எடுத்து, அழுக்குப் படாமல் இரண்டு மையொற்றுத் தாள்களுக்கு நடுவில் வைத்து, உரியவனுக்காகப் பத்திரப்படுத்துகிறாள். அந்தக் கேள்வி அவளுக்குப் பிடிக்கவில்லை, இருந்தும் அதை அழிக்க அவள் கை எழவில்லை.

கடைசி அத்தியாயத்தில் இதற்கு ஒரு பதில் வருகிறது. லூசி பாதிரியார் வீட்டுக்குள் நுழைவதற்குச் சில நிமிடங்களுக்கு முன், கணப்பருகே கண்ணயர்ந்திருந்த எமர்சன் கண்விழித்தபோது, சார்லட் அந்த அறையிலிருந்து திரும்பிப் போய்க்கொண்டிருந்தாளாம். முதியவர் உள்ளே இருக்கிறார் என்று தெரிந்தும் அவள் லூசியைத் தடுக்கவில்லை. மனத்தின் அடியாழத்தில் அவள் இதை விரும்பியிருக்கிறாள் என்று ஜார்ஜ் ஊகிக்கிறான். ஆசிரியர் அதை உறுதிசெய்யாமல் விட்டுவிடுகிறார். லூசி தன்னைக் கண்டுகொண்ட கதை பலருக்கும் தெரியும். சார்லட் தன்னைக் கண்டுகொண்டு, யாருக்கும் சொல்லாமல் தேவாலயத்துக்குப் போய்விட்ட கதைதான் என்னைத் திரும்பத் திரும்ப இந்த நாவலிடம் இழுக்கிறது.

கேள்வி: சிசில் வைஸ் வில்லன்தானே? (வாசகர், சேலம்)

பதில்: பாவம், அவனுக்கு அந்தத் தகுதிகூட இல்லை. முத்தமிட அனுமதி கேட்டு, கிடைத்ததும் தடுமாறி, மூக்குக்கண்ணாடி இருவருக்கும் நடுவில் நசுங்க நிற்பவனை வில்லன் என்பதா? அவனை நினைக்கும்போதெல்லாம் ஓர் அறைக்குள் இருப்பவனாகவே தோன்றுகிறது என்று லூசி ஒருமுறை சொல்லிவிடுகிறாள். ஜன்னல் காட்சி எதுவும் இல்லாத அறையா என்று கேட்டு அவன் புண்பட்டுப்போகிறான். மனிதர்களையும் ஓவியங்களைப் போலத் தள்ளி நின்று மதிப்பிடுபவன் அவன். இருந்தாலும் நிச்சயதார்த்தம் முறிந்த இரவில் கோபப்படாமல், தன் குறையைக் காட்டியதற்கு அவளுக்கு நன்றி சொல்லிக் கைகுலுக்கிவிட்டுப் போகிறானே, அந்த ஒரு பக்கத்தில் ஜார்ஜைவிட அவன் உயர்ந்து நிற்கிறான் என்பேன். ஜார்ஜ் ரசிகர்கள் மன்னிக்கவும்.

கேள்வி: இத்தாலியில் நடக்கும் கதையில் இத்தாலியர்களே இல்லையே? (ஆராய்ச்சி மாணவர், மதுரை)

பதில்: சரியான குற்றச்சாட்டு. சதுக்கத்தில் செத்தவனுக்குப் பெயர் இல்லை. வண்டியோட்டிக்கும் அவன் காதலிக்கும் பேய்த்தன், பெர்சஃபனி என்று கிரேக்கப் புராணப் பெயர்களைச் சூட்டுவதோடு ஆசிரியர் நின்றுவிடுகிறார். லூசி தன் அரைகுறை இத்தாலிய மொழியில் “நல்ல மனிதர்கள் எங்கே?” என்று கேட்க, அந்த வண்டியோட்டி இரண்டு பாதிரியார்களையும் விட்டுவிட்டு ஜார்ஜிடம் கொண்டுபோய் விடுகிறான். நல்ல நகைச்சுவைதான். ஆனால் உள்ளூர்க்காரர்கள் ஆங்கிலேயர்களுக்கு வழிகாட்டும் குறியீடுகளாக மட்டுமே வந்துபோவது இந்த நாவலின் எல்லை.

கேள்வி: ‘எ பாஸேஜ் டு இந்தியா’வின் அடேலாவும் லூசியும் ஒரே அச்சா? (வாசகர், புதுச்சேரி)

பதில்: தொடக்கம் ஒன்றுதான். மூத்த பெண்மணி ஒருவரின் துணையோடு வரும் இளம்பெண், விருந்தினராக வந்த நாட்டின் ‘உண்மை முகத்தை’ப் பார்க்கத் துடிக்கிறாள். இடையில் 1912இலும் 1921இலும் ஃபார்ஸ்டர் இந்தியா வந்து வாழ்ந்து பார்த்திருந்தார். 1924இல் அந்நாவல் வந்தபோது விளையாட்டுத்தனம் போய்விட்டது. லூசியின் குழப்பத்தால் கெடுவது ஒரு நிச்சயதார்த்தம். அடேலாவின் குழப்பத்தால் உள்ளூர் மருத்துவரான டாக்டர் அஜீஸ் கைதியாகிறார், ஊர் இரண்டாகப் பிளக்கிறது. நீதிமன்றக் கூண்டில் அவள் உண்மையைச் சொன்ன பிறகும் யாரும் அவளைக் கொண்டாடுவதில்லை. உள்ளூர் மனிதருக்குப் பெயரும் கோபமும் கொடுத்துவிட்டால், பயணியின் தன்னறிதல் எவ்வளவு விலை உயர்ந்ததாகிவிடுகிறது என்று பாருங்கள். மதுரை மாணவரும் இதைக் கவனிக்கலாம்.

கேள்வி: லூசியும் ஜார்ஜும் கடைசிவரை மகிழ்ச்சியாக வாழ்ந்தார்களா? (இல்லத்தரசி, தஞ்சாவூர்)

பதில்: இதற்கு ஆசிரியரே பதில் சொல்லியிருக்கிறார். நாவல் வெளியாகி 50 ஆண்டுகள் கழித்து, 1958இல், தம் பாத்திரங்கள் பிறகு என்ன ஆனார்கள் என்று அவர் ஒரு சிறு கட்டுரை எழுதினார். முதல் உலகப் போரில் ஜார்ஜ் ஆயுதம் ஏந்த மறுத்துவிடுகிறான். லூசி பியானோவில் பீத்தோவன் வாசித்ததற்காக, எதிரி நாட்டு இசை என்று அக்கம்பக்கத்தார் முறையிடுகிறார்கள். அதே போர்க்காலத்தில் அலெக்சாண்ட்ரியாவில் ஒரு விருந்தில் பீத்தோவன் வாசிக்கத் தயங்கியபோது, அவர் பெல்ஜியத்துக்காரர் என்று விவரம் தெரிந்த ஒருவன் தன்னிடம் சொன்னதாக ஓர் இளம் அதிகாரி சொல்லி இசையைக் காப்பாற்றுகிறார்; அந்த ஒருவன் வேறு யாருமல்ல, நம் சிசிலாகத்தான் இருக்க வேண்டும் என்கிறார் ஃபார்ஸ்டர். சார்லட் தன் சிறு சொத்தை அந்தத் தம்பதிக்கே எழுதிவைத்துவிட்டுப் போகிறாள்.

இரண்டாம் உலகப் போரில் மனம் மாறிப் படையில் சேர்ந்த ஜார்ஜ், பிடிபட்டு இத்தாலிக்குக் கொண்டுவரப்படுகிறான். விடுபட்டதும் அந்தப் பழைய அறையைத் தேடி ஃப்ளாரன்ஸ் போகிறான். ஆற்றங்கரையில் கட்டடங்கள் உருமாறிப்போயிருந்தன. ஜன்னலிலிருந்து தெரிந்த காட்சி அப்படியே இருக்கிறது, அறையும் எங்கேயோ இருக்கத்தான் வேண்டும், ஆனால் எது என்று தன்னால் கண்டுபிடிக்க முடியவில்லை என்று வந்து லூசியிடம் சொல்கிறான்.