கைப்பிரதிக்கு முன்னால்

வணக்கம் அண்ணன்,

நான் மட்டக்களப்பிலிருந்து எழுதுகிறேன். 2019 உயிர்த்த ஞாயிறன்று சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தபோது என் பெரியம்மா வீட்டுப் பிள்ளையும் போய்விட்டது. இத்தனை வருடத்துக்குப் பிறகும் எங்கள் சபையில் இரண்டு பேச்சு. பக்கத்து முஸ்லிம் ஊரான காத்தான்குடியின் கடைகளில் ஒரு சாமானும் வாங்கக் கூடாது என்கிறார்கள் சிலர். இதுதான் தருணம், அங்கே போய்க் கைப்பிரதி கொடுத்துச் சுவிசேஷம் சொல்ல வேண்டும் என்கிறார்கள் வாலிபர்கள். எனக்கு இரண்டிலும் மனம் ஒட்டவில்லை. எதிர்வீட்டு முஸ்லிம் குடும்பத்தோடு முன்பு நல்ல பழக்கம். இப்போது கண்டால் இரண்டு பக்கமும் தலையைக் குனிந்துகொண்டு போகிறோம். ஒன்றும் சொல்லாமல் இருந்தால் நான் கர்த்தரை மறுதலிக்கிறேனா?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கச்சிக்கு,

பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டிலிருந்து எழுதுகிறீர்கள். அதனால் மன்னிப்பைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை. அது உங்கள் பெரியம்மாவுக்கும் ஆண்டவருக்கும் இடையில் நடக்க வேண்டியது. எத்தனை வருடம் ஆனாலும் சரி, வெளியில் நிற்கிற யாரும் அவரை அவசரப்படுத்தக் கூடாது.

கடை விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். குண்டோடு வந்தவன் காத்தான்குடிக்காரன், உண்மை. ஆனால் அந்தத் தாக்குதல்களுக்குத் தலைமை தாங்கிய சஹ்ரானின் ஆட்கள் அந்த ஊரில் முதலில் கைவைத்தது சூஃபி முஸ்லிம்கள்மேல். 2017 மார்ச்சில் நடந்த அந்த மோதலுக்குப் பிறகுதான் அவன் தலைமறைவானான். அவனைப் பற்றி ஊர்க்காரர்கள் முன்பே முறைப்பாடு செய்திருந்தார்கள். 2019 ஏப்ரல் 26 அன்று சாய்ந்தமருதில் அவனுடைய குடும்பமும் கூட்டாளிகளும் ஒளிந்திருந்த வீட்டைப் பற்றித் தகவல் கொடுத்ததும் அந்த ஊர் முஸ்லிம்கள்தான். குண்டுதாரிகளின் உடல்களை எங்கள் மையவாடிகளில் அடக்க விடமாட்டோம் என்று முஸ்லிம் மார்க்க அறிஞர்களின் சபையான ஜமியத்துல் உலமா அறிவித்தது. இவ்வளவும் தெரிந்த பிறகு ஒரு துணிக்கடைக்காரரிடம் எதற்குக் கணக்குத் தீர்க்கிறோம்? போய் வாங்குங்கள். பெருநாள் வந்தால் எதிர்வீட்டுக்கு நீங்களே முதலில் போங்கள்.

அடுத்தது வாட்ஸ்அப்பில் பரவும் வதந்தி. அந்த மே மாதம், குருணாகல் வைத்தியசாலையில் ஒரு முஸ்லிம் வைத்தியர் ஆயிரக்கணக்கான சிங்களத் தாய்மாருக்கு இரகசியமாகக் கருத்தடை செய்தார் என்று ஒரு பத்திரிகை எழுதியது. அவரைக் கைது செய்தார்கள். குற்றச்சாட்டுக்கு ஆதாரம் இல்லை என்று குற்றப் புலனாய்வுத் திணைக்களமே பிறகு நீதிமன்றத்தில் சொன்னது. அந்தக் கதையை நம்பிப் பரப்பியவர்களில் ஜெபக் குழுக்களில் இருப்பவர்களும் உண்டு. பிறனுக்கு விரோதமாகப் பொய்ச்சாட்சி சொல்லாதே என்பது பத்துக் கட்டளைகளில் ஒன்று. பணம் கொடுத்து மதம் மாற்றுகிறார்கள் என்ற பேச்சைக் கேட்டுக் கும்பல் வந்து ஜெப வீடுகளை உடைத்ததை அனுபவித்தவர்கள் நாம். வதந்தி என்ன செய்யும் என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

இனி நான் உண்மையில் சொல்ல வந்தது. 2020 ஏப்ரலில் கொவிட்டால் இறந்த எல்லோரையும் எரித்தே ஆக வேண்டும் என்று வர்த்தமானி வந்தது. அடக்கம் செய்யலாம், எரிக்கலாம், இரண்டும் பாதுகாப்பானதே என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியும் அரசாங்கம் கேட்கவில்லை. அந்த டிசம்பரில் பிறந்து இருபதே நாளான ஒரு முஸ்லிம் குழந்தையை, பெற்றோர் சம்மதிக்காமலே கொழும்பில் எரித்தார்கள். அதை எதிர்த்துப் பொரளை மயானத்தின் வேலிக் கம்பிகளில் ஆட்கள் வந்து வெள்ளைத் துணித் துண்டுகளைக் கட்டிவிட்டுப் போனார்கள். முஸ்லிம்கள் இறந்தவரைச் சுற்றி அடக்குகிற கஃபன் துணி அது. முஸ்லிம்களோடு கிறிஸ்தவக் குருமார் சிலரும் வந்து கட்டினார்கள். 2021 பெப்ரவரியில் பொத்துவிலிலிருந்து பொலிகண்டி வரை நடந்த பேரணியின் கோரிக்கைகளில் இந்த அடக்க உரிமையும் ஒன்று. பாதிரிமாரும் சைவப் பெரியவர்களும் நடந்தார்கள், கிழக்கில் முஸ்லிம்கள் வந்து சேர்ந்துகொண்டார்கள். அந்த மாதக் கடைசியில் அரசாங்கம் இறங்கி வந்தது. பிறகு உங்கள் மாவட்டத்து ஓட்டமாவடியில்தான் கொவிட்டால் இறந்தவர்களின் ஜனாஸாக்களை அடக்கினார்கள். கொழும்பில் இறந்தவரையும் அங்கேதான் கொண்டுவர வேண்டியிருந்தது. 2024இல் அரசாங்கம் மன்னிப்புக் கேட்டது.

அந்தப் பத்து மாதமும் நம் சபைகளில் பெரும்பாலானவை என்ன செய்தன? நம்மவர்களையும் எரித்தார்கள், அப்போதும் நாம் முணுமுணுத்ததோடு சரி. மண்ணுக்குள் வைக்கிற உடல் எழுந்திருக்கும் என்று ஒவ்வொரு அடக்க ஆராதனையிலும் அறிக்கையிடுகிறவர்கள் நாம். மரித்தோர் எழுந்து நியாயத்தீர்ப்புக்கு நிற்பார்கள் என்று அவர்களும் நம்புகிறார்கள். அந்தக் குழந்தைக்காக ஒரு சபை தெருவில் வந்து நின்றிருந்தால், உங்களுக்கு ஏன் இது வலிக்கிறது என்று எவராவது ஒரு மௌலவி கேட்டிருப்பார். காலியான கல்லறையைப் பற்றிப் பேசாமல் ஒரு கிறிஸ்தவரால் அதற்குப் பதில் சொல்ல முடியுமா? கைப்பிரதி தேவைப்படாத இடம் அது.

ஆகவே பேசாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. இயேசுவைப் பற்றி முஸ்லிம்கள் கேட்பார்கள், அவர்களுக்கு ஈஸா நபிமேல் மரியாதை உண்டு. கேட்டால் மழுப்பாமல் சொல்லுங்கள். சிலுவையைப் பற்றியும் சொல்லுங்கள், அதில் அவர்களுக்கு உடன்பாடில்லை என்பதால் விழுங்கிவிடாதீர்கள். சாந்தத்தோடும் பயபக்தியோடும் சொல்லும்படி பேதுரு எழுதியிருக்கிறார். அரிசி மூட்டையோடும் பிள்ளைகளின் டியூஷனோடும் சுவிசேஷத்தைச் சேர்த்துக் கட்டாதீர்கள். உதவி உதவியாகவே போகட்டும். காயம் ஆறாத ஊருக்குள் கூட்டமாகப் போய்க் கைப்பிரதி கொடுத்தால், தங்களைக் குற்றவாளிகளாகப் பார்த்துத் திருத்த வந்திருக்கிறார்கள் என்றுதான் அவர்களுக்குப் படும். உங்கள் வாலிபர்களின் வைராக்கியம் நல்லது. அவர்களை ஒருநாள் ஓட்டமாவடிக்கு அழைத்துப்போய் அந்தப் புதைகுழிகளைக் காட்டுங்கள். அங்கே இருக்கிற யாரிடமாவது உட்கார்ந்து கேட்கச் சொல்லுங்கள், அன்றைக்குப் பேச வேண்டாம்.

எதிர்வீட்டுக்குப் போய்வந்த பிறகு எழுதுங்கள். கதவு திறக்காவிட்டாலும் எழுதுங்கள்.

அன்புடன்,
அண்ணன்