வீட்டுக்குப் போய்ப் பார்க்கும் வேலையில் அடியும் வசவும்: கேள்வி பதில்

14 வருடமாக வீடுகளுக்குப் போய் நோயாளிகளைப் பார்க்கும் நர்ஸ் நான். இதே வேலையில் இருக்கும் தங்கைகள் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: அக்கா, மறதி நோய் உள்ள தாத்தா, குளிப்பாட்டும்போது மட்டும் அடிக்கிறார்.

பதில்: 'மட்டும்' என்கிறீர்களே, அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். நான் பார்த்த பெரியவர் ஒருவர், தலையில் தண்ணீர் பட்டதும் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடிப்பார். என்னை யாரென்றே அவருக்குத் தெரியாது. யாரோ ஒருத்தி வேட்டியை அவிழ்த்துத் தண்ணீர் ஊற்றினால் பயம் வராதா? தோளில் துண்டைப் போர்த்தி, காலில் இருந்து வெதுவெதுப்பாக ஊற்ற ஆரம்பித்தேன். மக்கை அவர் கையிலேயே கொடுத்தேன். பெரும்பாலும் அடி நின்றுவிட்டது. பிடித்துக்கொண்டால் வெடுக்கென்று இழுக்காதீர்கள். அவருடைய கட்டைவிரல் பக்கமாகக் கையைத் திருப்பினால் பிடி தளரும். முடியாத நாளில் ஈரத்துணியால் துடைத்துவிட்டால் போதும்.

கேள்வி: சாதுவான பாட்டி. இரண்டு நாளாகக் கடிக்க வருகிறார். காற்று கருப்பு என்கிறார்கள்.

பதில்: சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், புது மாத்திரை, வலி என்று எது வேண்டுமானாலும் வயதானவர்களின் புத்தியைக் கலக்கிவிடும். காய்ச்சலும் சர்க்கரையும் பார்த்து அன்றே டாக்டரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: நோயாளியின் மகன் தப்பாகத் தொடுகிறார். என்னை வேலைக்கு அனுப்பும் ஏஜென்சியில் 'அனுசரித்துப் போ' என்கிறார்கள்.

பதில்: அனுசரிக்கவே கூடாது. தாத்தா அடித்தது நோயால். இவருக்கு எந்த நோயும் இல்லை. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013 சட்டப்படி, வேலைக்காகப் போகும் வீடும் பணியிடம்தான். ஏஜென்சியில் 10 பேராவது வேலை செய்தால் உள் புகார்க் குழு இருந்தாக வேண்டும். அதைவிடச் சிறிய ஏஜென்சி என்றால் மாவட்டத்தின் உள்ளூர்க் குழு இருக்கிறது. 3 மாதத்துக்குள் எழுதிக் கொடுங்கள். தேதி, நேரம், அவர் சொன்ன வார்த்தை எல்லாவற்றையும் அன்றன்றைக்கே நோட்டில் குறித்து வையுங்கள். பெண்கள் உதவி எண் 181க்கும் கூப்பிடலாம். போலீசுக்கும் போகலாம்.

கேள்வி: குடித்துவிட்டுக் கத்துகிறார்கள். பாதியில் கிளம்பினால் நோயாளியைக் கைவிட்டதாகாதா?

பதில்: இந்த நினைப்புதானே நம்மை அந்த வீட்டிலேயே கட்டிப்போடுகிறது! நானும் ஒரு ராத்திரி முழுக்க அப்படி உட்கார்ந்திருக்கிறேன், இன்று உட்கார மாட்டேன். முடிந்தால் நோயாளி கட்டிலில் இருந்து விழாதபடி பார்த்துவிட்டு, வீட்டில் தெளிவாக இருக்கும் ஒருவரிடம் சொல்லிவிட்டு வெளியே வாருங்கள். கை ஓங்கினால் அதற்குக்கூட நிற்க வேண்டாம். தெருவுக்கு வந்து அவசர உதவி எண் 112க்குப் போன் பண்ணுங்கள், அப்புறம் ஏஜென்சிக்கு.

கேள்வி: புது வீட்டில் முதல் நாள்?

பதில்: கதவுக்கும் உங்களுக்கும் நடுவில் யாரும் இல்லாதபடி உட்காருங்கள். போன் சார்ஜோடு இடுப்பிலேயே இருக்கட்டும், பையில் வேண்டாம்.