எஸ்2000-க்கு வாரிசு வேண்டுமா?

கேள்வி: 2009-இல் நிறுத்தப்பட்ட எஸ்2000 ஸ்போர்ட்ஸ் காருக்கு ஹோண்டா ஒரு வாரிசை உருவாக்க வேண்டுமா?

பதில்: உருவாக்க வேண்டும் என்பதே என் விருப்பம், ஆனால், பழைய பெயரை ஒட்டிக்கொண்டு வரும் வேறொரு கார் வேண்டாம். எஸ்2000-இன் டர்போ (காற்றை அழுத்தி ஊட்டும் கருவி) இல்லாத அந்த 2 லிட்டர் எஞ்சின், நிமிடத்துக்கு 6,000 சுற்றுகளை நெருங்குகையில் வி-டெக் அமைப்பு வால்வுகளின் இயக்கத்தை மாற்ற, குரலே மாறி 9,000 வரை சீறும். குட்டையான கியர் தண்டுக்கோ மணிக்கட்டின் சிறு அசைவே போதும். இன்றைய புகை விதிகளுக்கேற்ப அத்தகைய எஞ்சினைப் புதிதாக வடிவமைக்கப் பெருஞ்செலவு ஆகும், விற்பனையோ குறைவு என்பது உண்மைதான். எனினும் டொயோட்டா, பி.எம்.டபிள்யூ.வுடன் கைகோத்து 2019-இல் தன் பழைய ஸ்போர்ட்ஸ் காரான சுப்ராவை மீட்டெடுத்ததே! குறைந்த எடை, பின்சக்கர இயக்கம், கையால் மாற்றும் கியர் ஆகியவை இருந்தால், பெட்ரோலும் மின்மோட்டாரும் சேர்ந்த ஹைபிரிட்டாக வந்தாலும் மனதார வரவேற்பேன்.