பிள்ளைகளை ஒளித்து வைத்த தாய்மார்கள்

அன்புள்ள ஐயா,

1916இல் நியூயார்க்கில் பரவிய இளம்பிள்ளை வாதம் பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். குடியேறிகளின் குடும்பங்கள் நோயுற்ற பிள்ளைகளைச் சுகாதார அதிகாரிகளிடமிருந்து ஒளித்து வைத்ததாக எழுதியிருந்தீர்கள். அதை அறியாமை என்றுதானே கொள்ள வேண்டும்? அரசு வேறு என்ன செய்திருக்க முடியும்?

— ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

அந்தத் தாய்மார்களை அறியாதவர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவ்வாண்டு அந்நகரில் ஏறத்தாழ 9,000 பேர் நோயுற்றார்கள். 2,400 பேர் அளவில் இறந்தார்கள். பெரும்பாலோர் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். தனிக் கழிப்பறையும், நோயாளியைக் கவனிக்கத் தனி ஆளும் இருக்கும் வீடுகளில் மட்டுமே பிள்ளையை வைத்துக்கொள்ள அனுமதி உண்டு. ஒரே கழிப்பறையைப் பல குடும்பங்கள் பகிர்ந்துகொண்ட அடுக்குக் குடியிருப்புகளிலிருந்து, பெற்றோர் மறுத்தாலும், பிள்ளைகள் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டார்கள். விதி எல்லோருக்கும் பொதுவானதுதான். அது பிரித்தெடுத்ததோ ஏழைகளின் பிள்ளைகளை மட்டும்.

மருத்துவமனையிலும் இந்நோய்க்கு மருந்து இல்லை என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. தொண்டை அடைப்பான் (டிப்தீரியா) நோயின் கதை வேறு. அதை முறிக்கும் சீரத்தை 1890களின் நடுவிலிருந்தே நகரச் சுகாதாரத் துறை குதிரைகளைக் கொண்டு தானே தயாரித்து, ஏழைகளுக்கு இலவசமாகக் கொடுத்துவந்தது. அங்கே பிள்ளையை ஒப்படைத்தால் பிழைக்கும் என்ற நம்பிக்கைக்கு இடம் இருந்தது. இளம்பிள்ளை வாதத்தில் நான்கில் ஒரு பங்குக்கும் மேல் இறந்துகொண்டிருக்க, கொடுப்பதற்கு ஒன்றுமில்லாத இடத்துக்குப் பிள்ளையை அனுப்ப மறுத்த தாயின் கணக்கில் என்ன பிழை இருக்கிறது?

இத்தாலியக் குடியேறிகளே நோயைக் கொண்டுவந்தார்கள் என்ற பேச்சும் பரவியது. ஆனால் நகரின் நெரிசல் மிகுந்த பகுதியான மன்ஹாட்டனைவிட, வீடுகள் விலகியிருந்த ஸ்டேட்டன் ஐலண்ட் பகுதியில்தான் மக்கள்தொகை விகிதத்தில் நோய் அதிகம்.

அரசு வேறு என்ன செய்திருக்க முடியும் என்பதற்கு அந்நகரமே முன்பு விடை கண்டிருந்தது. 1902இல் பள்ளி மருத்துவர்கள் கண்நோய், சொறிசிரங்கு, பேன் ஆகியவற்றுக்காகப் பிள்ளைகளைக் கூட்டம் கூட்டமாக வீட்டுக்கு அனுப்பினார்கள். வீட்டில் சிகிச்சையளிக்க எவருமில்லாததால் பிள்ளைகள் பள்ளிக்குத் திரும்பவே இல்லை. ஏழைகளின் வீடு தேடிச் சென்று செவிலியப் பணி செய்த லிலியன் வால்டின் ஹென்றி தெரு இல்லத்திலிருந்து லீனா ரோஜர்ஸ் என்ற செவிலியர் நான்கு பள்ளிகளுக்கு அனுப்பப்பட்டார். அவர் பள்ளியிலேயே மருந்து போட்டார்; பிறகு வீட்டுக்குச் சென்று தாய்க்குச் செய்துகாட்டினார். நகராட்சி மேலும் செவிலியர்களை நியமித்தது. 1902 செப்டம்பரில் பள்ளியிலிருந்து நோய்க்காக வீட்டுக்கு அனுப்பியது 10,567 முறை; அடுத்த செப்டம்பரில் அது 1,101 ஆகக் குறைந்தது. அந்தத் தாய்மார்களும் இதே குடியிருப்புகளில் வாழ்ந்தவர்கள்தாம். கதவைத் தட்டியவர் கையில் மருந்து இருந்ததால் திறந்தார்கள்.

இளம்பிள்ளை வாதமோ அறிகுறியே இல்லாதவர்கள் வழியாகப் பெரிதும் பரவும் கிருமியால் வருவது. ஆகவே 1916இல் எத்தனை செவிலியர்கள் சென்றிருந்தாலும் நோய் நின்றிருக்காது. ஆனால் பிள்ளையை வீட்டிலேயே வைத்துக்கொள்ளத் தேவைப்பட்ட அந்தத் தனி ஆளை, ஏழை வீட்டுக்கு நகரமே அனுப்பியிருக்கலாம்.