நெக்ஸ்ட் கம்ப்யூட்டர் தோல்வியடைந்த கதையை ஜாப்ஸ் ஏன் தாண்டிப் போனார்?

கேள்வி: புதிது புதிதாக வரும் கேட்ஜெட்களைப் பற்றி உங்கள் கருத்து என்ன? தோல்வியே பின்னால் தனக்கு நல்லதாக முடிந்தது என்று ஸ்டீவ் ஜாப்ஸ் பட்டமளிப்பு உரையில் சொன்னது, விற்காமல் போன கருவிகளுக்கும் பொருந்துமா?

பொருந்தும். ஆனால் அதைச் செய்தவருக்குத்தான் பொருந்தும், காசு கொடுத்து வாங்கியவருக்கு இல்லை.

2005 ஜூனில் ஸ்டான்ஃபோர்டில் அவர் பேசிய உரையின் கடைசி வரியைத்தான் எல்லோரும் ஸ்டேட்டஸில் வைக்கிறார்கள். என் மனதில் நிற்பது நடுவில் வரும் ஓர் இடம். தான் தொடங்கிய ஆப்பிளிலிருந்து 30 வயதில் வெளியே தள்ளப்பட்டதைச் சொல்கிறார். சில மாதம் என்ன செய்வதென்றே தெரியவில்லையாம். எச்.பி.யின் டேவிட் பேக்கர்டையும் இன்டெலின் பாப் நாய்ஸையும் பார்த்து, இப்படிச் சொதப்பிவிட்டேனே என்று மன்னிப்புக் கேட்கப் போயிருக்கிறார். அஞ்சலோட்டத்தில் கைமாறும்போது கோலைத் தவறவிட்டவன் மாதிரி உணர்ந்தாராம். ஊரறியத் தோற்ற ஒரு மனிதர் பெரியவர்கள் முன்னால் போய் நிற்கிறார். அந்தக் காட்சியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துப்போகும்.

அதன்பிறகு உரை சட்டென்று ஓடிவிடுகிறது. நெக்ஸ்ட் என்ற கம்ப்யூட்டர் கம்பெனியைத் தொடங்கினேன், ஆப்பிள் அதை வாங்கியது, அந்தத் தொழில்நுட்பம்தான் இன்றைய ஆப்பிளின் மையம். நெக்ஸ்டைப் பற்றி இவ்வளவுதான். நடுவில் அது பட்ட பத்து வருஷப் பாட்டைச் சொல்லவே இல்லை. பட்டம் வாங்கிய பிள்ளைகளுக்கு அதைத்தான் விரிவாகச் சொல்லியிருக்க வேண்டும் என்பேன்.

நெக்ஸ்ட் கம்ப்யூட்டர் 1988 அக்டோபரில் வந்தது. பக்கத்துக்கு ஓர் அடி, கறுப்பு மெக்னீசியப் பெட்டி. பல்கலைக்கழகங்கள் 3,000 டாலருக்குள் கேட்டன. விலை 6,500 டாலர் என்று வைத்தார்கள். ஃப்ளாப்பி டிரைவ் கிடையாது. 256 எம்பி ஆப்டிகல் டிஸ்க் ஒன்று இருந்தது, அதுவும் ரொம்ப மெதுவு. மொத்தமே ஏறத்தாழ 50,000தான் விற்றன. 1993-இல் கம்ப்யூட்டர் தயாரிப்பையே நிறுத்திவிட்டு, பாதிக்கும் மேற்பட்ட ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அதே பெட்டி ஒன்று ஜெனீவாவை ஒட்டிய செர்ன் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில், வெப்பை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீயிடம் இருந்தது. உலகின் முதல் வெப் பிரவுசரையும் முதல் வெப் சர்வரையும் 1990-இல் அதில்தான் எழுதினார். பெட்டியின் முகப்பில் ஒட்டிய சீட்டில் சிவப்பு மையில் கையால் எழுதியிருக்கும்: இது சர்வர், அணைத்துவிடாதீர்கள். கடைசியில் இரண்டு ஆச்சரியக்குறி. யாராவது வேலை முடிந்து போகும்போது ஸ்விட்சைத் தட்டியிருந்தால், அன்றைக்கு மொத்த வெப்பும் அணைந்திருக்கும்.

நான் ஐபோனுக்கான ஐஓஎஸ் செயலி எழுதிச் சம்பாதிக்கிறவன். கோடில் என்எஸ்ஸ்ட்ரிங், என்எஸ்அரே, என்எஸ்டேட்டா என்ற பெயர்களை ஒரு நாளைக்கு எத்தனை தடவை தட்டுவேன் என்று கணக்கே இல்லை. சேர்ந்த புதிதில் அந்த ‘என்எஸ்’ என்னவென்று தெரியாமலே ஆறு மாதம் ஓட்டினேன். பக்கத்து சீட்டு அண்ணன்தான் ஒருநாள் சொன்னார்: “நெக்ஸ்ட்ஸ்டெப் தம்பி. மூடிப்போன கம்பெனி பேரைத்தான் தினமும் அடிச்சிட்டு இருக்கோம்.” 1996 டிசம்பரில் சுமார் 40 கோடி டாலருக்கு நெக்ஸ்டை ஆப்பிள் வாங்குவதாக அறிவித்தது, நெக்ஸ்ட்ஸ்டெப் என்ற அதன் இயங்குதள மென்பொருளுக்காகத்தான். மேக்கும் ஐபோனும் அதன்மேல்தான் எழும்பின.

இப்போது வருகிற கருவிகளையும் நான் இந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன். முகத்தில் கண்ணாடி மாதிரி மாட்டிக்கொள்ளும் ஆப்பிள் விஷன் ப்ரோ 2024 பிப்ரவரியில் 3,499 டாலருக்கு வந்தது. 600 கிராமுக்கு மேல் எடை, பேட்டரி தனியாக ஒயரில் தொங்கும். ஆபீசில் ஒருவர் கொண்டுவந்தபோது இருபது நிமிடம் மாட்டிப் பார்த்தேன். ஒரு பட்டனைக் கண்ணால் பார்த்து, மடிமேல் இருந்த கையில் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்தேன், திறந்தது. இந்தக் கருவி நிற்குமோ நிற்காதோ, அந்தக் கண்ணும் விரலும் சேர்கிற வித்தை வேறு ஏதோ ஒன்றில் வாழும் என்று உறுதியாக நம்புகிறேன்.

ஹியூமேன் ஏஐ பின் விஷயம் வேறு. சட்டையில் குத்திக்கொள்ளும் செயற்கை நுண்ணறிவு உதவிக் கருவி, உள்ளங்கையில் லேசரால் எழுத்துக் காட்டியது. 2024 ஏப்ரலில் வந்தபோது விலை 699 டாலர், அதுபோக மாதம் 24 டாலர் சந்தா. 2025 பிப்ரவரி 28-ஆம் தேதி, அது நெட் வழியாக நம்பியிருந்த சர்வரை நிறுத்தினார்கள். எச்.பி. 11.6 கோடி டாலருக்கு அதன் தொழில்நுட்பத்தையும் பேட்டன்ட்களையும் எடுத்துக்கொண்டது. அதாவது செய்தவர்களின் உழைப்புக்கு ஒரு மறுபிறவி உண்டு. வாங்கியவர்களில் கடைசி 90 நாளுக்குள் வாங்கியவர்களுக்கு மட்டும்தான் பணம் திரும்பியது. மற்றவர்கள் சட்டையில் இருந்தது, பேட்டரி அளவு காட்டுவதைத் தாண்டி எதற்கும் உதவாத ஒரு துண்டு. நெக்ஸ்ட் பெட்டிகளோ, கம்பெனி தயாரிப்பை நிறுத்திய பிறகும் மேசையில் வேலை செய்துகொண்டுதான் இருந்தன.

அதனால் நீங்கள் எதையாவது முன்பதிவு செய்யும் யோசனையில் இருந்தால், முதலில் நெட்டை அணைத்தால் அது என்னென்ன செய்யும் என்று தேடிப் பாருங்கள். பெரிதாக ஒன்றும் செய்யாது என்றால் ஒரு வருஷம் பொறுங்கள்.