பர்னாந்து யாருக்குச் சுமை?

கேள்வி: என் அலுவலக நண்பர் தூத்துக்குடிக்காரர். பேசுவது நல்ல தமிழ். பெயருக்குப் பின்னால் மட்டும் 'பர்னாந்து'. இவர்கள் போர்ச்சுக்கீசிய வம்சமா? இல்லையென்றால் இந்த அந்நியப் பெயரை இன்னும் எதற்குச் சுமக்கிறார்கள்?

பதில்: வம்சம் இல்லை. முத்துக்குளித்துறைப் பரதவர்கள் இந்த மண்ணின் கடலோடிகள். முத்துக்குளிப்பு உரிமைக்காக நடந்த சண்டையில் போர்ச்சுக்கீசியரின் துணையை நாடி, 1535-37 வாக்கில் ஊர் ஊராக ஞானஸ்நானம் பெற்றார்கள். மறைபரப்ப வந்த புனித பிரான்சிஸ் சவேரியார் இங்கே இறங்கியது அதற்கப்புறம், 1542-ல். ஞானஸ்நானத்தின்போது போர்ச்சுக்கீசியப் பெயரை ஏற்பது அந்தக் கால வழக்கம். கோவாவிலும் அதுதான் நடந்தது. பர்னாந்து, கோமஸ், வாஸ், மச்சாது எல்லாம் அப்படி வந்தவை. பெயர் வந்தது, ரத்தம் வரவில்லை. இலங்கையில் பெர்னாண்டோ, பெரேரா என்று பெயருள்ள பௌத்தர்கள் ஏராளம். அங்கே அந்தப் பெயர் மதத்தைக்கூடக் காட்டாது.

சரி, 'சுமக்கிறார்கள்' என்று எழுதினீர்களே, அதை நான் விடுவதாக இல்லை. யார் சொன்னது சுமை என்று? போர்ச்சுக்கல்லில் பெர்னாண்டோ என்பது பிள்ளைக்கு வைக்கிற பெயர். குடும்பப் பெயர் பெர்னாண்டஸ். நம் கடற்கரை அதைத் தன் நாக்குக்கு வளைத்துப் பர்னாந்து ஆக்கியது, குடும்பப் பெயராகவும் மாற்றிக்கொண்டது. மணப்பாட்டிலும் புன்னைக்காயலிலும் தலைமுறை தலைமுறையாகப் புழங்கும் பெயர்கள் இவை. வல்லநாட்டிலிருந்து தாமிரபரணித் தண்ணீரைத் தூத்துக்குடிக்குக் கொண்டுவந்த நகராட்சித் தலைவரின் பெயர் குரூஸ் பர்னாந்து. அந்தத் தண்ணீரைக் குடித்த ஊரில் போய் இது அந்நியப் பெயர் என்று சொல்லிப் பாருங்கள்.

இதை நான் எழுதும்போதெல்லாம் தனித்தமிழ் அன்பர்கள் கோபமாகக் கடிதம் போடுகிறார்கள். அவர்களுக்கு என் பதில் இன்னும் மாறவில்லை: தமிழ்ப் பெயர் போகிறதே என்று நாம் பதற வேண்டிய இடம் வேறு. பேதுருவை இராயப்பன், பவுலைச் சின்னப்பன், யோவானை அருளப்பன், அந்திரேயாவைப் பெலவேந்திரன் என்று கூப்பிட்ட ஊர்கள் நம்முடையவை. ஓரியூரில் உயிர்விட்ட போர்ச்சுக்கீசியக் குரு ஜான் தெ பிரிட்டோ நமக்கு அருளானந்தர். வேளாங்கண்ணி மாதாவை நினைத்து ஆரோக்கியசாமி, ஆரோக்கியமேரி. எவ்வளவு அழகான பெயர்கள்! 1995-ல் பிற சபையாரோடு சேர்ந்து பொது மொழிபெயர்ப்பு விவிலியம் வந்தபோது அருளப்பர் நற்செய்தி யோவான் நற்செய்தி ஆயிற்று. சபைகளின் ஒற்றுமைக்காகச் செய்தது, அதில் எனக்குச் சண்டையில்லை. வீட்டுக்குள் நடப்பதுதான் வலிக்கிறது. தாத்தா பெயர் இராயப்பன் என்று சொல்லவே பிள்ளைகள் கூச்சப்படுகிறார்கள். பேரனுக்கோ ஷ, ஜ, ஸ மூன்றும் இருக்கிற பெயராகப் பார்த்துத் தேடுகிறார்கள்.

தமிழ்ப் பெயரைக் கோயிலில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்று சாக்குச் சொல்ல வழியில்லை. 1917-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்திலேயே, பெற்றோர் கிறிஸ்தவப் பெயர் வைக்காவிட்டால் குருவானவர் ஒரு புனிதரின் பெயரைச் சேர்த்து இரண்டையும் பதிவேட்டில் எழுதவேண்டும் என்றுதான் இருந்தது. 1983-ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் தளர்வானது. கிறிஸ்தவ உணர்வுக்கு ஒவ்வாத பெயர் வேண்டாம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. தமிழ்ச்செல்வி, அருள்மொழி என்று தாராளமாக வைக்கலாம்.

உங்கள் நண்பரிடம் எனக்காக ஒன்று கேளுங்கள். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது பங்குக் கோயிலின் ஞானஸ்நானப் பதிவேட்டில் அவருடைய பாட்டன், பூட்டன் பெயர்களைப் பார்த்து வரட்டும். பர்னாந்துவுக்கு முன்னால், யோசேப்பைத் தமிழாக்கிய ஒரு சூசையோ சவேரியாரை நினைத்து வைத்த ஒரு சவரிமுத்தோ இருக்கக்கூடும். கிடைத்தால் எழுதி அனுப்புங்கள். அந்தப் பெயர்களுக்காக இந்தப் பத்திரிகையில் ஒரு முழுப் பக்கம் ஒதுக்கத் தயாராக இருக்கிறேன்.